நண்பனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகள், நம் பதில்கள்

கேள்வி: என் நண்பன் முதல் முறையாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறான். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நீயே பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். பணம் அளவாகத்தான் இருக்கிறது. நான் போட்டிருக்கும் லிஸ்ட் இது: இன்டெல் ஐ7-12700கே பிராசஸர், அதற்கு ஒரு லிக்விட் கூலர், 8 ஜிபி ரேம் ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஆறு ஆர்ஜிபி ஃபேன் வைத்த கண்ணாடி கேபினெட், அந்தக் கேபினெட்டோடு சேர்ந்து வரும் பவர் சப்ளை. மானிட்டர் அவனிடமே இருக்கிறது, 1080பி, 60 ஹெர்ட்ஸ். தினமும் வாலரண்ட் விளையாடுவான். சைபர்பங்க் 2077 விளையாட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. லிஸ்ட் சரியா?

பதில்: இந்த லிஸ்ட்டோடு கடைக்குப் போக வேண்டாம். பிராசஸர் நல்ல பிராசஸர்தான், ஆனால் பணமெல்லாம் தேவையில்லாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, தேவையான இடத்தில் மிச்சம்மீதிதான் விழுந்திருக்கிறது. 12 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசஸரை வாங்கி, ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலேயே கடைசியில் இருக்கும் கார்டை அதோடு ஜோடி சேர்த்தால், சைபர்பங்க் ஓடும்போது கார்டு திணறும், பிராசஸரின் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

நண்பருக்காக லிஸ்ட் போடும்போது பார்ட் பெயர்களிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. என்ன விளையாடுவார், எந்தத் திரையில் விளையாடுவார் என்ற இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள், லிஸ்ட்டில்தான் அது வரவில்லை. வாலரண்ட் பெரும்பாலும் பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டு, சாதாரணக் கார்டிலேயே 60 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு 60 படம்) சுலபமாகத் தாண்டிவிடும். சைபர்பங்க் அப்படியே எதிர்ப்பக்கம், கார்டைத்தான் பிழிந்து எடுக்கும். அவரிடம் இருக்கும் மானிட்டரோ நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். வாலரண்டில் 250 எஃப்பிஎஸ் வந்தாலும் கண்ணுக்குத் தெரியப்போவது 60தான், மவுஸ் அசைவுக்கும் திரைக்கும் நடுவில் உள்ள தாமதம் வேண்டுமானால் கொஞ்சம் குறையும். ஆக, வாலரண்டுக்காக ஐ7 வாங்க ஒரு காரணமும் இல்லை. சைபர்பங்குக்காக கார்டில் பணம் போட எல்லாக் காரணமும் இருக்கிறது.

பிராசஸருக்கு ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 போதும். இரண்டுமே 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்), இரண்டுக்கும் கூலர் பெட்டிக்குள்ளேயே வரும், இரண்டுமே 65 வாட் வகுப்பு. நீங்கள் எழுதியிருக்கும் 12700கேயில் அந்தக் 'கே' எதற்கென்றால் ஓவர்கிளாக் செய்வதற்கு, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்கு. அதைப் பயன்படுத்த இசட் வரிசை மதர்போர்டு வேண்டும், அது விலை கூடும். பெட்டியில் கூலரும் வராது, அதனால்தான் உங்கள் லிஸ்ட்டில் லிக்விட் கூலர் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக மூன்று இடத்தில் செலவு. மூன்றையும் குறைத்து, மிச்சமாகும் பணத்தை அப்படியே கார்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு எச்சரிக்கை: 12400எஃப்பில் இருக்கும் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம், ரைசன் 5 5600இலும் கிடையாது. "கார்டை அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்று நண்பர் சொன்னால், அதுவரை அந்த கம்ப்யூட்டர் திரையில் ஒன்றுமே காட்டாது.

மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதென்றால் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே, பாதிக்குள்ளே கார்டுக்கு ஒதுக்குங்கள். 1080பிக்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாமே நல்ல கார்டுகள், மூன்றிலும் 8 ஜிபி மெமரி. எது வாங்குவது என்பதை வாங்கும் நாளில் விலை சொல்லட்டும், பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். இன்டெல்லின் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் அதற்கு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார் என்ற, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் செட்டிங்கைப் போட்டே ஆக வேண்டும், பிராசஸர் பழசாகவோ மெதுவாகவோ இருந்தால் அதன் வேகம் மற்ற கார்டுகளைவிட அதிகமாக அடிவாங்கும். பழைய கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்றுபவர்கள் அதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி மெமரி, 2560 கோர். 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் கோர் 2304தான். மெமரி மட்டும் 2 ஜிபி குறைவு என்று நினைத்து வாங்குகிறோம், கார்டே வேறு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வருகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் ஜிபி எண்ணைக் கையால் தொட்டுப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கார்டின் மெமரி நிறைந்துவிட்டால் மிச்சத்தை கம்ப்யூட்டரின் ரேமில் போய் வைக்கும், அங்கிருந்து எடுத்து வருவதற்குள் விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு விழும், சுவரில் உள்ள எழுத்து மங்கலாகவே நிற்கும். டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் தரம்) செட்டிங்கை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி பவர் சப்ளை. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கேபினெட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். மேலே 600 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைக்கப்போகும் வாட். பல சப்ளைகளில் அது ஸ்டிக்கரில் உள்ளதைவிட ரொம்பக் கீழே நிற்கும். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கின்றன, உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதனால் முத்திரையோடு வாரண்டியையும் பாருங்கள், 5 வருஷம் கொடுத்தால் தயாரித்தவருக்கே அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். வாட் எண்ணைப் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட் எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். நான் சொன்ன பிராசஸரையும் மற்றவற்றையும் சேர்த்தாலும் மொத்தம் 300 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். நல்ல 550 வாட் சப்ளை தாராளம். நாளைக்குப் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650.

ரேம் 8 ஜிபி இன்றைக்குப் போதாது, சைபர்பங்க் குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறது. 16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபியாக. ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டு போடும் காலமும் முடிந்துவிட்டது. 2023இல் 2.0 பதிப்பு வந்தபோதே சைபர்பங்க்கின் குறைந்தபட்சத் தேவையில் எஸ்எஸ்டி ஏறிவிட்டது. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், நொடிக்கு 7000 எம்பி என்று விளம்பரம் செய்வதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம், 3500 எம்பி உள்ளதற்கும் அதற்கும் விளையாட்டு லோடு ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. வாங்கும்போது என்விஎம்இ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கிறது, அதன் வேகம் 550 எம்பியோடு நின்றுவிடும்.

கேபினெட்டில் கண்ணாடியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், முன்பக்கம் காற்று போக வலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னால் கண்ணாடியை அடைத்து வைத்தால் அதற்குப் பின்னால் ஆறு ஃபேன் சுற்றினாலும் இழுக்கக் காற்று வேண்டுமே. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, போதும். விளக்கு வேண்டும் என்று நண்பர் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், அவருடைய கம்ப்யூட்டர் அது. ஆறு மாதம் கழித்துக்கூட ஃபேன் வாங்கி மாட்டலாம். ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், கூலர் எல்லாமே இப்படிப் பின்னால் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. மதர்போர்டும் பவர் சப்ளையும் அப்படியல்ல, அவற்றை மாற்ற வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் இப்போது கை இறுக்கமாக இருந்தால் பின்னால் சேர்க்கக் கூடியதில் கை வையுங்கள், இந்த இரண்டில் வேண்டாம்.

இன்னொன்று, பில் எல்லாம் நண்பர் பெயரில் வாங்குங்கள். இரண்டு வருஷம் கழித்து கார்டு போனால் வாரண்டிக்கு அலையப்போவது அவர்தான், அன்றைக்கு நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்களோ.

கேள்வி: பட்ஜெட் போதவில்லை, செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் உருவாக்கும் வேலையில்) ஓடிய கார்டு என்றால் தொடவே கூடாது என்கிறார்கள்.

பதில்: வாங்கலாம். அளவான பணத்தில் பெரிய பாய்ச்சல் கிடைப்பது செகண்ட் ஹேண்டில்தான். மைனிங் பயம் கொஞ்சம் மிகைதான். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் ஏராளமான கார்டுகள் விற்பனைக்கு வந்தன, அவற்றில் நிறைய இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. மைனிங்கில் கார்டு ஒரே சூட்டில், பெரும்பாலும் குறைத்து வைத்த மின்சாரத்தில் ஓடும். சிப்புக்கு அது பெரிய கேடு இல்லை. தேய்வது ஃபேனும், மெமரிக்கு மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும்தான். இரண்டையும் மாற்ற முடியும்.

ஆனால் ஓட்டிக் காட்டாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். கார்டைக் கையில் வாங்கியதும் பின்பக்கத் திருகுகளைப் பாருங்கள், தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள், கரகரவென்று தட்டக் கூடாது. கம்ப்யூட்டரில் மாட்டி ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையை உண்மையான எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2304 கோர் உள்ளதும் இருக்கிறது, 2048 கோர் உள்ளதும் இருக்கிறது, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய கார்டுக்குப் புதுப் பெயர் ஏற்றி விற்பதையும் அந்த மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கனமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிஷம் ஓடவிட்டு உட்கார்ந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் எல்லாக் கார்டும் நன்றாகத்தான் ஓடும், சூடேறிய பிறகுதான் கோளாறு வெளியே வரும்: திரையில் வண்ணக் கட்டங்கள் தெறிப்பது, ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்புவது, டிரைவர் விழுந்து எழுவது. இதில் ஒன்று வந்தாலும் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பின்னால் உள்ள எல்லா டிஸ்பிளே போர்ட்டிலும் கேபிளை ஒரு முறை செருகிப் பாருங்கள்.

எவ்வளவு பழசு வாங்கலாம் என்பதற்கும் ஒரு கோடு இருக்கிறது. 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி சில விளையாட்டுகள், ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கார்டில் இல்லையென்றால் ஓடாது. 2017இன் ராஜாவான ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் அது கிடையாது, 2019இன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியிலும் கிடையாது. இரண்டிலும் வேகம் இன்னும் இருக்கிறது, புது விளையாட்டுகளுக்குக் கதவுதான் மூடிக்கொண்டு வருகிறது. நண்பர் பழைய விளையாட்டுகளோடும் வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியானவற்றோடும் நின்றுவிடுவார் என்றால் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கலாம். இல்லையென்றால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசை, இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பிராசஸரையும் செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கலாம், பின் வளையாமல் இருந்தால் சரி. பவர் சப்ளை மட்டும் எப்போதும் புதிதாக.

கேள்வி: ஏஎம்டி பிராசஸர்களுக்கான சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்4 பழசாகிவிட்டது, ஏஎம்5தான் எதிர்காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அளவான பட்ஜெட்டில் எதில் போவது?

பதில்: ஏஎம்4 வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் ஏன் எல்லோரும் சாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியும். 2017இல் முதல் ரைசன் வாங்கியவர்களில், அதே மதர்போர்டில் பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டி வரை பலர் போயிருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு போர்டு, ரேம் எதையும் தொடாமல் கிடைத்த பாய்ச்சல் அது. 2022இல் வந்த ஏஎம்5க்கும் 2027க்கும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 அப்படியல்ல, 14ஆம் தலைமுறையோடு அது முடிந்துவிட்டது, 2024இல் வந்த அடுத்த பிராசஸர்களுக்குப் புது சாக்கெட்.

அதற்காக எல்லோரும் ஏஎம்5 வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. நான் பார்க்கும் விதம் இதுதான்: உங்கள் நண்பர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பிராசஸர் மாற்றும் ஆளா? அப்படியென்றால் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600ஓடு ஏஎம்5 போகட்டும், ரேம் டிடிஆர்5-6000 நன்றாகப் பொருந்தும். ஒரு முறை வாங்கினால் ஆறேழு வருஷம் கைவைக்காத ஆள் என்றால், அவர் திரும்ப வாங்கும் நேரத்தில் எப்படியும் எல்லாம் மாறியிருக்கும், அவருக்கு சாக்கெட்டின் எதிர்காலம் எதற்கு? ஏஎம்4 வாங்கி மிச்சத்தைக் கார்டில் போடட்டும். வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஏஎம்4இல் போர்டு வாங்கும்போது பி450ஐவிட பி550 நல்லது. 1080பிக்கு நான் மேலே சொன்ன ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாமே 8 லேனில்தான் (போர்டோடு பேசும் பாதைகள்) ஓடுகின்றன, பி450இல் அந்தப் பாதை பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 என்பதால் கார்டின் மெமரி நிறையும் நேரத்தில் அது கொஞ்சம் கூடுதலாகத் தடுமாறும். ரொம்ப நாள் கடையில் கிடந்த பழைய போர்டு என்றால் பயாஸ் பழசாக இருந்து ரைசன் 5000ஐ அடையாளம் தெரியாமல் நிற்கவும் வாய்ப்பு உண்டு, பிராசஸர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்றும் பட்டன் அந்தப் போர்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரே 16 ஜிபி ரேம் வாங்கினால் பின்னால் இன்னொன்று சேர்க்கலாமே, எதற்கு இரண்டு 8 ஜிபி?

பதில்: இரண்டு ரேம் போட்டால்தான் டூயல் சேனல் ஓடும், பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் பாதை இரண்டு மடங்கு அகலமாகும். விளையாட்டில், அதுவும் பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டில், இது நன்றாகவே தெரியும். பின்னால் வாங்கும் ஒற்றை ரேம் முதலில் வாங்கியதோடு ஒத்துப்போகும் என்ற உறுதியும் கிடையாது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். மாட்டிய பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133இலோ 2400இலோ, கொஞ்சம் நல்லதென்றால் 2666இலோ வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

கேள்வி: நண்பனுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்க வைத்தேன். "பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே, காசு வேஸ்ட்" என்கிறான். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பதில்: விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 60இல் இருக்கும் என்றே நினைக்கிறேன், விண்டோஸ் பல நேரம் தானாக அதை மாற்றுவதில்லை. அங்கே 144 என்ற எண்ணே தெரியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள்: மதர்போர்டில் செருகியிருக்கிறாரா, கார்டில் செருகியிருக்கிறாரா? மதர்போர்டில் என்றால் அவர் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு இத்தனை நாள் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கார்டில்தான் இருக்கிறது என்றால் பழைய எச்டிஎம்ஐ கேபிளை எடுத்துவிட்டு டிஸ்பிளே போர்ட் கேபிள் போடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144இல் 6.9தான். மாற்றிய பிறகு மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றிக் காட்டுங்கள், வித்தியாசத்தை அவரே பார்ப்பார். விளையாட்டுக்குள்ளும் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கார்டு வாங்கவே பணம் இல்லை. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸரை வைத்து ஆரம்பிக்கலாமா?

பதில்: ஆரம்பிக்கலாம், நல்ல வழிதான். ரைசன் 5 5600ஜியில் வாலரண்ட், மைன்கிராஃப்ட் எல்லாம் 1080பியில் சந்தோஷமாக விளையாடலாம், கனமான விளையாட்டு மட்டும் 720பிக்கு இறங்கும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால் இங்கே ஒற்றை ரேம் போட்டால் நிறைய வேகம் அங்கேயே போய்விடும். 5600ஜி பிசிஐஇ 3.0 மட்டும்தான் தரும் என்பதையும், 5600ஐவிட அதன் கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) பாதிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு வருஷத்துக்குள் கார்டு வாங்கிவிடுவேன் என்றால் 5600ஐயே வாங்கி செகண்ட் ஹேண்டில் சின்னக் கார்டு ஒன்றைத் தேடுவது நல்லது.

கேள்வி: பழைய பவர் சப்ளை போய்விட்டது, வேறு கம்பெனியில் மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய) சப்ளை வாங்கிவிட்டோம். கேபிளெல்லாம் ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்திருக்கிறோம், பழைய கேபிளையே புதியதில் செருகிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். சப்ளை பக்கம் செருகும் முனையில் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். கேபிள் கச்சிதமாக உள்ளே போகும், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும், அதில் இருந்த படங்களும் சேர்ந்துதான். கட்டியதை அவிழ்த்து, புது சப்ளையோடு வந்த கேபிளை மட்டும் போடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மாட்டிவிட்டோம். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பக்கத்திலேயே நண்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அவரிடம் எதுவும் எரிந்துபோகவில்லை என்று சொல்லுங்கள், புதிதாக மாட்டிய கம்ப்யூட்டரில் இது ரொம்ப சகஜம். மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறதா? மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று ஒரு 8 பின் கேபிள் போக வேண்டும், கேபினெட்டின் இடுக்கில் கை நுழையாது என்பதால் நிறைய பேர் விட்டுவிடும் இடம் அது. கார்டுக்கு மேலே ஒரு பவர் கேபிள், அது பிராசஸர் கேபிள் மாதிரியே இருக்கும், ஆனால் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்தித் திணிக்கக் கூடாது. அப்புறம் ரேம். புதுப் போர்டில் ஸ்லாட் இறுக்கமாக இருக்கும், போர்டு லேசாக வளைவதைப் பார்த்து பயந்து பாதியிலேயே கையை எடுத்துவிடுகிறோம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ரேமை எடுத்து, இரண்டு பக்கமும் சம அழுத்தத்தில் 'கிளிக்' சத்தம் வரும்வரை இறக்குங்கள்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். எந்த விளக்கு அணையாமல் நின்றுவிடுகிறதோ கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

ஏஎம்5 போர்டாக இருந்து டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா? அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டிடிஆர்5 முதல் முறை ஆன் ஆகும்போது போர்டு ரேமை ஒவ்வொரு வேகமாகச் சோதித்துப் பழகிக்கொள்ளும், அதற்குச் சில நிமிஷங்கள் ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் கழித்தும் அசைவில்லை என்றால் ஒரே ஒரு ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, போர்டில் உள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி மாட்டி, திரும்ப ஆன் செய்யுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அடுத்த ரேமை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் பயாஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றுங்கள். விளக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு போட்டோ எடுத்து, போர்டின் மாடல் பெயரோடு எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் மேலே பார்ப்போம்.